மூக்கு கோணல், மற்றபடி பேரழகி

திருவண்ணாமலையில் விற்கிற பூக்களுக்குக் காம்பு கிடையாது. யோசித்துப் பாருங்கள். மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி, அரளி எல்லாமே தலையை மட்டும் கிள்ளி, நாரில் கட்டி, முழம் போட்டு விற்கிறவை. தலைக்கு ஒரு முழம், அண்ணாமலையாருக்கு ஒரு மாலை, வண்டி முன்னால் ஒரு சரம், கதை முடிந்தது. தாமரை மட்டும் தண்டோடு வரும். தாழம்பூவைக்கூட நிற்க வைக்கலாம்தான். ஆனால் பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லி மாட்டிக்கொண்ட பூ அது. சம்பவம் நடந்த இடமே இந்த ஊர்தான் என்பதால், அதற்கு இங்கே யாரும் சிபாரிசுக்கு வருவதில்லை. ஆகவே நம் வீட்டு ஷோகேஸில் ஃபிளவர் வாஸுக்கு இரண்டே வேலைகள்: பிளாஸ்டிக் ரோஜாவைத் தாங்குவது, பொங்கலுக்குப் பொங்கல் குளிப்பது.

இந்த லட்சணத்தில் இருக்கும் ஊரில், ரமண நகர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில், டென்மார்க்கிலிருந்து வந்த 1950களின் கண்ணாடி ஜாடி ஒன்றுக்கு போட்டோ செஷன் நடக்கப்போகிறது, வந்து பார்க்கிறீர்களா என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள்? நான் ஜோடி மாறிய செருப்போடு ஓடினேன்.

குடியிருப்பவர் ஒரு டென்மார்க் பாட்டி. குளிர்காலம் தொடங்கினால் இங்கே வந்துவிடுவார், வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார். இந்த ஊரில் அப்படி ஒரு ஜனத்தொகையே உண்டு. ஜாடி அவருடைய அம்மா வீட்டுச் சொத்து. ஏதோ ஒரு வருஷம் கம்பளி ஸ்வெட்டருக்குள் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்திருக்கிறார். இப்போது பேத்திக்குப் போகிறது. போவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸுக்காக நாலு படம் வேண்டும். படம் எடுக்க வந்த தம்பி கல்யாண போட்டோகிராபர். மேஜைமேல் ஜாடியைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "ஏன்ணா, மூக்கு கோணலா இருக்கே, டேமேஜா?"

டேமேஜ் இல்லை தம்பி, அதுதான் விஷயமே! ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். அடியில் கனத்து, வயிறு உப்பி, மேலே போகப்போக மெலிந்து, வாய்க்கு வரும்போது ஒரு பக்கம் சரிந்து, மறுபக்கம் மேலே இழுபட்டு நிற்கிறது. தலையைத் தூக்கித் தண்ணீர் விழுங்கும் பறவை. கண் கிடையாது, இறகு கிடையாது, கோடு ஒன்றுகூடக் கிடையாது, ஆனாலும் பறவை. நிறம் புகைச் சாம்பல். டென்மார்க்கில் இந்த வகைக்கு அலகு ஜாடி என்றே பெயர். வடிவமைத்தவர் பெர் லுட்கென். செய்தது ஹோல்மகோர் கண்ணாடித் தொழிற்சாலை.

முதல் படத்தில் ஜாடிக்குள் தம்பி இருந்தான். அவனுடைய குடை விளக்கு இருந்தது, ஜன்னல் கம்பி இருந்தது, நான் இருந்தேன், வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்காவும் இருந்தார். ஜாடியைத்தான் காணோம். "மாப்பிள்ளை முகம் மின்னுச்சுன்னா பவுடர் போட்டுடலாம்ணா, இதுக்கு என்ன பண்றது?" என்றான். கண்ணாடியைப் படமெடுப்பதில் இருக்கிற வம்பே இதுதான். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் அது தன்னைக் காட்டாது, அடித்தவனைக் காட்டும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. குடை விளக்கை அணைத்தான். பாட்டியிடம் ஒரு வெள்ளை வேட்டி வாங்கி (பாட்டியிடம் வேட்டி இருந்தது, கேள்வி கேட்காதீர்கள்) ஜன்னலை மறைத்துக் கட்டினான். வெளிச்சம் பின்னாலிருந்து வேட்டி வழியாக வடிந்து ஜாடிக்குள் நுழைந்தது. பிரதிபலிப்பெல்லாம் ஓடிப்போயிற்று. ஆனால் ஓரங்களும் சேர்ந்து ஓடிவிட்டன. வெள்ளைக்குள் வெள்ளையாக ஏதோ மிதந்தது. தெருமுனைக் கடைக்கு ஓடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கறுப்பு சார்ட் பேப்பர் இரண்டு வாங்கிவந்து, ஜாடிக்கு இடமும் வலமுமாக, கேமராவுக்குத் தெரியாத தூரத்தில் நிறுத்தினான். அவ்வளவுதான். யாரோ மை தொட்டு வரைந்த மாதிரி ஜாடியைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடியது! வளைந்த ஓரத்தில் கண்ணாடி ஒளியை அதிகமாக மடக்குகிறது. அதனால் நடுவில் பின்னாலிருக்கும் வெள்ளை தெரிய, ஓரத்தில் பக்கவாட்டிலிருக்கும் கறுப்பு தெரிகிறது. விளம்பரங்களில் நாம் பார்க்கும் பளபள பாட்டில்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சார்ட் பேப்பர் வித்தைதான் நிற்கிறது.

கோடு வந்ததும் கோளாறு ஒன்றும் வந்தது. உள்சுவரில், பாதி உயரத்தில், வெள்ளையாக ஒரு வளையம். "அது நம்ம ஊரு போர் தண்ணி," என்றார் அக்கா, துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு. பக்கெட், ஷவர், எவர்சில்வர் குடம் எதையும் விடாத உப்பு, டென்மார்க்கையும் விடவில்லை. சோப்புக்கு அது அசையாது. எலுமிச்சைச் சாற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்லிய துணியைச் சுருட்டிக் கரண்டிக் காம்பில் கட்டி உள்ளே விட்டுத் துடைத்தார். தேய்க்கவில்லை, ஒற்றி எடுத்தார். சுண்ணாம்பு புளிப்புக்கு இளகும். அக்காவுக்கு அந்த வேதியியல் பாத்திரம் தேய்த்தே வந்தது. "அம்மா, இனிமே இதுல பூ வைக்காதீங்க, வெச்சாலும் கேன் தண்ணி ஊத்துங்க" என்று பாட்டிக்கு உத்தரவும் போட்டார்.

ஜாடி காய்ந்ததும் பாட்டி அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். என் இதயம் கொஞ்சம் நின்றது. அடிப்பாகத்தில் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றுமில்லை. சாய்த்து அடித்தால் எழுத்து எழும்புகிறது! வைர ஊசியால் கையால் கீறிய எழுத்து. ஹோல்மகோர் என்று தொழிற்சாலைப் பெயர். அதன் கீழே 19, நடுவில் பெர் லுட்கெனின் இரண்டு முதலெழுத்துகள் பின்னிய முத்திரை, பிறகு 57. வருஷத்தை இரண்டாகப் பிளந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும் மனுஷன்! நகத்தால் வருடினால் கீறல் தட்டுப்படுகிறது. பழைய பொருள் தேடுகிறவர்கள் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் எனக்குக் கையெழுத்தைவிடப் பிடித்தது அதன் பக்கத்திலிருந்த வழவழப்பான வட்டம். அது ஒரு தழும்பு. ஜாடியின் தொப்புள் என்றுகூடச் சொல்லலாம்.

அது எப்படி வந்தது என்று தெரிய உலைக்கூடத்துக்குப் போக வேண்டும். ஊதுகிறவர் கையில் ஆளுயர இரும்புக் குழல். அதன் நுனியை உலைக்குள் விட்டுச் சுழற்றினால், ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் கண்ணாடி வெல்லப்பாகு பதத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த நொடியிலிருந்து அவர் குழலைச் சுழற்றுவதை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் பாகு கீழே தொங்கி, ஜாடி பிறப்பதற்கு முன்பே தொந்தி சரிந்துவிடும். சுழற்றிக்கொண்டே ஊத வேண்டும். ஊதிக்கொண்டே, தண்ணீரில் ஊறிய மரக்குழிக் கரண்டியில் உருட்டி உருண்டையாக்க வேண்டும். நெருப்பை மரம் தொடுகிறது, எரிவதில்லை. ஈரம் ஆவியாகி நடுவில் ஒரு மெத்தை விரிக்கிறது. இன்னும் நெருங்கிய வேலைக்கு என்ன பயன்படுத்துவார்கள் தெரியுமா? நியூஸ் பேப்பர். பல மடிப்பாக மடித்து, தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் சிவந்த கண்ணாடியை உருட்டுவார்கள். கைக்கும் ஆயிரம் டிகிரிக்கும் நடுவில் நேற்றைய செய்தி! நம் ஊரில் பஜ்ஜி எண்ணெயை ஒற்றும் பேப்பருக்கு இப்படியொரு பதவி உயர்வு எங்கேயும் கிடைத்ததில்லை.

சரி, தொப்புளுக்கு வருவோம். ஜாடி குழலில் இருக்கும்வரை அதற்கு வாய் கிடையாது. வாய் இருக்க வேண்டிய இடத்தில்தான் குழல் ஒட்டியிருக்கிறது. அதனால் அடிப்பக்கத்தில் இன்னொரு இரும்புக் கம்பியை, கொஞ்சம் சுடுகண்ணாடியைப் பசையாக வைத்து ஒட்டுவார்கள். குழல் பக்கம் கழுத்தில் ஒரு கீறல், ஒரு சொட்டு ஈரம், ஒரு தட்டு. ஜாடி கை மாறும். குழலிலிருந்து கம்பிக்கு. ஒரு வினாடி தவறினால் தரையில் சில்லு. தப்பித்துக் கம்பிக்கு வந்த ஜாடியை மறுபடி சூடேற்றி, இப்போது திறந்திருக்கும் வாயைக் கத்தரியால் வெட்டுவார்கள். ஆமாம், துணி வெட்டுகிற மாதிரி, கண்ணாடியை. நம் ஜாடியின் அலகு பிறப்பது இங்கேதான். சரிவாக வெட்டி, ஒரு பக்கத்தை இளக்கி, இழுத்து, மீதியைக் கண்ணாடியின் சொந்த எடைக்கே விட்டுவிடுகிறார்கள். அது விழ நினைக்கும் திசையில் கொஞ்சம் விழவிட்டு, சரியான நேரத்தில் திருப்பிப் பிடித்தால் அலகு. அரை வினாடி முந்தினால் வெறும் சாய்ந்த வாய், அரை வினாடி பிந்தினால் வாத்து. எல்லாம் முடிந்து கம்பியிலிருந்து தட்டிக் கழற்றிய இடத்தில் மிஞ்சும் முரட்டு வடுவைச் சாணை பிடித்தால், எனக்குப் பிடித்த அந்த வழவழப்பு வட்டம்.

அதற்கப்புறம் ஜாடி உடனே வெளியே வர முடியாது. ஐந்நூறு டிகிரிக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும் சூளையில் வைத்து, பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆற விடுவார்கள். அவசரப்பட்டால் வெளித்தோல் முதலில் சுருங்கி, உள்ளே இழுவிசை தேங்கி, என்றோ ஒருநாள் யாரும் தொடாமலே வெடிக்கும். அவ்வளவு நிதானமாக ஆறியதால்தான் அறுபது வருஷத்துக்கு மேல் தாண்டியும், போர் தண்ணீரையும் எங்கள் ஊர்க் கத்தரி வெயிலையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இப்போது ஒரு சின்னக் கோபம். கீறிய எழுத்தில் லுட்கென் இருக்கிறார். ஊதியவர் இல்லை. ஸ்காண்டிநேவியத் தொழிற்சாலைகளில் வடிவமைப்பாளர் வரைவார், உலைமுன் வந்து நிற்பார், இன்னும் கொஞ்சம், போதும் என்பார். மூச்சு வேறொருவருடையது. லுட்கென் 1942-இல் ஹோல்மகோரில் சேர்ந்தார். டென்மார்க் அப்போது ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. அங்கேயே, 1998-இல் சாகும்வரை வேலை பார்த்தார். ஆயிரக்கணக்கான வடிவங்கள். அவர் பெருமை என்னவென்றால், காகிதத்தில் வரைந்ததைக் கண்ணாடிமேல் திணிக்காமல், ஊதுகிறவர்களோடு நின்று கண்ணாடி எதற்கு ஆசைப்படுகிறது என்று கவனித்தார். அதனால் அவர் ஜாடிகளில் மூலைகளைத் தேடினாலும் கிடைக்காது. சொட்டு, மொட்டு, அலகு, இதயம். இவை எல்லாமே இளகிய கண்ணாடி தானாகவே போக விரும்பும் வடிவங்கள்.

ஹோல்மகோர் பிறந்த கதையும் சும்மா இல்லை. 1814-இல் டென்மார்க் நார்வேயை இழந்தது. அதுவரை கண்ணாடி வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகள் நார்வேயில் இருந்தன. பாட்டிலுக்குக்கூடப் பஞ்சம். தன் நிலத்தில் பெரிய சதுப்புநிலம் வைத்திருந்த ஒரு பிரபு, அங்கே தோண்டி எடுக்கும் மக்கிய கரியை எரித்து உலை போடலாம் என்று 1823-இல் அரசரிடம் அனுமதி கேட்டார். அனுமதி வருவதற்குள் இறந்துபோனார். விடவில்லை அவர் மனைவி, சீமாட்டி ஹென்ரியெட்டே. அனுமதியை வாங்கி 1825-இல் உலையைப் பற்றவைத்தார். முதலில் வந்தது பச்சை பாட்டில்கள். மணலில் இரும்பு இருந்தால் கண்ணாடி பச்சையாகத்தான் வரும், நம் பழைய சோடா பாட்டிலுக்கும் அதே ஜாதகம். உலைகள் அணைந்துபோன அந்த இடம் 2020-இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது.

டென்மார்க் நமக்கு அவ்வளவு தூரத்து உறவும் கிடையாது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு ஆற்காடு வட்டாரத்துக்கு மிஷனரிகள் வந்தார்கள். அந்த வரவின் அடையாளமாகத் திருவண்ணாமலையில் இன்றும் டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் "டேனிஷ் மிஷன் ஸ்கூல்" என்றால் கேள்வியில்லாமல் இறக்கிவிடுவார். நம் தம்பி அங்கேதான் படித்தானாம். டேனிஷ் என்பது டென்மார்க் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. "நம்ம ஸ்கூல் ஊர்க்காரம்மாவா நீங்க?" என்று பாட்டியிடம் அவன் காட்டிய திடீர் பாசத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஜாடிக்கு அக்கம்பக்கத்து நாடுகளில் அண்ணன் தங்கைகள் உண்டு. அவர்களைப் பற்றி பாட்டி பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ 1936-இல் ஒரு போட்டிக்கு அனுப்பிய வரைபடங்களுக்கு வைத்த தலைப்பு, எஸ்கிமோப் பெண்ணின் தோல் கால்சட்டை! ஏரிக்கரை நெளிவது மாதிரி நெளியும் அந்த ஜாடியின் ஆரம்பச் சோதனைக்கு, தரையில் மரக்குச்சிகளை நட்டு, நடுவில் கண்ணாடியை ஊதி, குச்சிகளுக்கிடையே பிதுங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். 1937 பாரிஸ் கண்காட்சிக்குப் போன அது இன்றைக்கும் உற்பத்தியில் இருக்கிறது. அதே நாட்டின் டாப்பியோ விர்க்காலா 1946-இல் காட்டுக் காளானையே ஜாடியாக்கினார். விளிம்பு விரிந்து அலையடிக்கும், உடம்பில் காளானின் அடிப்பக்கத்தில் இருக்கும் மயிரிழைக் கோடுகள். சுவீடனின் இங்கெபோரி லுண்டினுடையது ஆப்பிள். பெரிய, பச்சை, சோப்புக் குமிழி மெல்லிசில் ஊதிய ஆப்பிள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பின்லாந்துக்காரர் டிமோ சர்பனேவாவின் திருட்டுத்தனம். மர அச்சில் கண்ணாடி ஊதினால் மரம் கருகும். கருகினால் அச்சு கெட்டது, தூக்கிப் போடு என்பது வழக்கம். 1960களில் அவர் அந்தக் கருகலையே வைத்துக்கொண்டார். எரிந்த மரத்தின் பட்டை, வெடிப்பு, முண்டு எல்லாம் கண்ணாடிமேல் பதிந்தன. ஒவ்வொரு ஊதலுக்கும் அச்சு இன்னும் கொஞ்சம் எரிவதால் ஒரு ஜாடி இன்னொன்று மாதிரி இருக்கவே முடியாது. ஆல்டோவும் விர்க்காலாவும் இயற்கையைப் பார்த்துச் செய்தார்கள். இவரோ மரத்தையே எரித்து அதன் கடைசி முகத்தை வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "நம்ம ஊர்ல இதெல்லாம் யாரும் செய்யலையா தம்பி?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. செய்தோம் அக்கா, ஆனால் ஊதவில்லை, இழுத்தோம். இங்கிருந்து கிழக்கே பாண்டிச்சேரி பக்கம் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய இடம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே உருகிய கண்ணாடியைத் துளை விட்டு நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மணிகளாக்கினார்கள். அந்தத் தொழில்நுட்பத்து மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா முழுக்கக் கிடைக்கின்றன. ஏறக்குறைய அதே காலத்தில் சிரியா, பாலஸ்தீனப் பக்கம் யாரோ ஒருவர் குழலில் வாய் வைத்துக் கண்ணாடியை ஊதப் பழகியிருந்தார். அங்கே ஊதியது கிண்ணமும் குப்பியுமாக உலகெங்கும் போயிற்று. நம் மணியிழுப்போ ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் நம் காலம் வரைக்கும் வந்து சேர்ந்தது. இந்த அலகை நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வயிறு ஊதியது, மூக்கு இழுத்தது. இரண்டு வித்தையும் ஒரே உடம்பில்.

மாலைக்குள் படம் முடிந்தது. பொதியும் படலம் தொடங்கியது, அதில் அக்காதான் தளபதி. கழுத்தைச் சுற்றி இறுக்கக் கூடாது, அலகில் டேப் படவே கூடாது, உள்ளே துணி திணிக்கலாம் ஆனால் அழுத்தக் கூடாது. பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நாலு விரல் இடைவெளி, அந்த இடைவெளி முழுக்கக் கசக்கிய பேப்பர். பாட்டி கூரியர் என்ற சொல்லையே காதில் போட்டுக்கொள்ளவில்லை, வந்த மாதிரியே கைப்பையில்தான் போகுமாம்.

தம்பி சார்ட் பேப்பர் இரண்டையும் பத்திரமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டான். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணப் பெண்ணின் கண்ணாடி வளையல்களை வேட்டி, சார்ட் சகிதம் இதே மாதிரி பின்வெளிச்சத்தில் எடுக்கப்போகிறானாம். மாட வீதிக் கடையில் வாங்கினாலும் அவை ஃபிரோசாபாத் உலையிலிருந்து வந்தவை என்று நான் தொடங்கியதும், "ணா, அதைக் கல்யாண வீட்ல வந்து சொல்லுங்க" என்றான். எந்த மண்டபம், எத்தனை மணிக்குப் பந்தி என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.